கற்பூரப் பெட்டிமேல் வைத்த பொட்டு

அந்தக் கப்பல் ரசீதின் அடியில், முத்திரைக்குச் சற்று மேலே, ஒரு வரி இருந்தது. 'பெட்டிகளின் அபாயக் குறித்தாள்களில் மஞ்சள், சிவப்புப் பொடிக் கறை காணப்பட்டது. ஏற்றுவதற்கு முன் தாள்கள் மாற்றப்பட்டன.' ஆங்கிலத்தில்தான் இருந்தது. நான் எனக்குள் தமிழில் படித்துக்கொண்டேன். வங்கியின் திருப்பதிக் கிளையில், ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்க்கும் மேசையில் அப்போது எனக்கு ஒன்பதாவது வருடம். துருப்பிடித்த டின், நனைந்த மூட்டை, நசுங்கிய பெட்டி என்று கப்பல்காரர்கள் எழுதுகிற குறைகளையெல்லாம் படித்தவன். மஞ்சள் குங்குமத்தைப் பற்றி ஒரு கப்பல் கம்பெனி எழுதிப் படித்தது அந்த ஒரு தடவைதான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அது நின்றுவிட்டது. ஏனென்றால், அந்த வரியே இல்லாமல் தப்பித்துக்கொள்ள வழி சொன்னவன் நான். அதைக் கேட்காதவர் கற்பூரத்தம்மா.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர், தன் வங்கி மூலம் ஓர் உறுதிக் கடிதம் அனுப்புவார். எல்.சி. என்போம். இன்னின்ன காகிதங்கள், இன்ன தேதிக்குள், இன்ன வாசகத்தோடு வந்து சேர்ந்தால் பணம் நிச்சயம் என்பது அதன் சாரம். அந்தக் காகிதங்களில் முக்கியமானது கப்பல் கம்பெனி தரும் ரசீது. சரக்கிலோ பெட்டியிலோ குறை இருப்பதாக அதில் எழுதிவிட்டால் அந்த வங்கி பணம் தர மறுக்கலாம். எழுத்தெழுத்தாகப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. பெட்டியைத் திறந்து பார்ப்பது அல்ல. இந்த வேலைக்கென்றே பிறந்தவன் நான் என்று என் மனைவி சொல்வாள். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் எழுத்துப் பிழையைத்தான் பார்ப்பேன். சித்தூர் மாம்பழக்கூழ்க்காரர் ஒருவருடைய காகிதக் கட்டை, ஊர்ப் பெயரில் ஒரு 't' குறைந்ததற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "மாம்பழத்துக்கு ஸ்பெல்லிங் தெரியாது சார்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கற்பூரத்தம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். புத்தூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் கற்பூரத் தூளை வாங்கி, மெஷினில் அழுத்தி, வில்லை போட்டு, டப்பாவில் அடைத்து, காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் கடைகளுக்குப் போடுகிறவர். ஏறக்குறைய என் வயதுதான். அவர் வங்கிக் கதவைத் திறக்கும்போதே வாசனை உள்ளே வந்துவிடும். "கையைக் கூப்பலாமா, காசை எண்ணலாமான்னு தெரியல" என்பார் கேஷியர். முதல் நாள் என்னிடம் தெலுங்கில் ஆரம்பித்தவர், நான் பதில் சொன்ன விதத்தைக் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"எந்த ஊரு சார் உங்களுக்கு?"

"நகரிம்மா."

"அதானே பாத்தேன். நல்லதாப் போச்சி. தமிழ்லயே சண்ட போடலாம்."

சொன்னபடியே போட்டார். மலேசியாவில், கிள்ளான் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், தைப்பூசத்துக்காக நூற்றிருபது பெட்டி கற்பூரம் கேட்டு அவருக்கு எல்.சி. அனுப்பியிருந்தார். கற்பூரத்தம்மாவின் முதல் ஏற்றுமதி. அதை நம்பிக் கொட்டகையில் புதிதாக நான்கு பெண்களை வேலைக்கு எடுத்திருந்தார். எல்.சி.யில் சரக்கின் பெயர் 'பூஜைப் பொருள்கள்' என்று மட்டும் இருந்தது. ஆனால் கப்பலுக்குக் கற்பூரம் பூஜைப் பொருள் இல்லை. எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். அதற்கு உலகம் முழுதும் ஒரே எண், 2717. அதற்கென்று ஒரு குறித்தாள் உண்டு. பெட்டிக்குப் பெட்டி அதை ஒட்ட வேண்டும், ரசீதிலும் அந்த விவரம் வர வேண்டும். இதை நான் ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா சார், பத்திக்கினு எரியுறதுதானே அது. பத்தலன்னா கடைக்காரன் ரிட்டன் உட்டுடுவான்."

திருப்பதியில் ஓர் அச்சகத்தில் அந்தத் தாளை அடித்து, மாதிரி ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சாய்ந்த சதுரம். வெள்ளையில் சிவப்பாக நெட்டுக்குத்தான பட்டைகள். நடுவில் கறுப்பாக ஒரு சுடர். கீழே எண். நம் ஊரில் பிறந்த யாரிடம் காட்டினாலும், கோயில் மதிலில் அடித்த காவிப் பட்டையும் அதன்மேல் ஒரு தீபமும் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தோன்றவில்லை. எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, தலையாட்டினேன். கொட்டகையில் இருந்த பெண்களுக்கு அது முதல் பார்வையிலேயே தோன்றியிருக்கிறது. 'ஃபாரின் பெட்டிக்கு விளக்குப் படம் போட்டிருக்காங்க' என்று பேசிக்கொண்டு ஒட்டியிருக்கிறார்கள். பாதிப் பேர் ஒட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

லாரி கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. கற்பூரத்தம்மா காலையிலேயே பில் வேலையாகத் திருப்பதிக்கு வந்துவிட்டார். கொட்டகையில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. அப்போது யாரோ ஒரு பெண், கடல் தாண்டிப் போகிற பெட்டியை வெறும் நெற்றியாக அனுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மஞ்சளைக் குழைத்தார்கள். நூற்றிருபது பெட்டிக்கும், விளக்கு இருக்கும் இடம் பார்த்து, சரியாகச் சுடரின் மேலேயே மஞ்சளை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். கை தாராளமான கை. சுடரும் மறைந்தது, எண்ணும் மறைந்தது. வழியில் ஊத்துக்கோட்டைப் பக்கம் தூறல் பிடித்துக்கொண்டதில், மிச்சம் இருந்த பட்டைகளும் ஒரே சிவப்பாகிவிட்டன.

மறுநாள் சென்னையிலிருந்து, சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் கிளியரிங் ஏஜென்ட் கூப்பிட்டபோது கற்பூரத்தம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். போனை நடுவில் வைத்து, நானும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். ஏஜென்ட் கத்தினார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க? படமும் தெரியல, நம்பரும் தெரியல. இந்தத் தாளோட ஏத்த மாட்டேன்னு சரக்கு செக் பண்ற கப்பல் கம்பெனி சர்வேயர் நிக்கிறாரு. உங்க சரக்கு தனி கன்டெய்னர்கூட இல்ல, இன்னும் நாலு பேர் சரக்கோட சேந்து போவுது. நாளைக்கு சாயந்திரத்தோட கன்டெய்னர மூடிடுவாங்க. அடுத்த கப்பல்னா உங்க எல்.சி. தேதி தாண்டிடும்."

"இப்ப இன்னா செய்றது?"

"ஒரே வழிதான். எல்லாத் தாளையும் கிழிச்சிட்டு, உங்க பார்ட்டி எழுதின மாதிரியே 'பூஜைப் பொருள்'னு பேப்பர மாத்திடறேன். ஊதுபத்தி, குங்குமம், விபூதின்னு போட்டுக்கலாம். டேஞ்சர் கணக்குலயே வராது. வேற கன்டெய்னர்ல, வேற ஆளுங்கள வச்சி இன்னிக்கே ஏத்திடலாம். ரசீதும் சுத்தமா வரும்."

போனை அணைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அவர் கேட்கும் முன்பே நான் பதில் வைத்திருந்தேன். எல்.சி.யில் கற்பூரம் என்ற வார்த்தையே இல்லை. ஏஜென்ட் சொன்னபடி ரசீது வந்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். என் மேசையில் அதைவிட அழகான காகிதம் வராது. உள்ளூர எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. "பேங்க் பேப்பரத்தாம்மா பாக்கும், சரக்கப் பாக்காது. அவர் சொல்றது எங்க வரைக்கும் சரியாத்தான் இருக்கும்" என்றேன். செய்யுங்கள் என்று நேராகச் சொல்லவில்லை. வங்கிக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு வேறு அர்த்தம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பேப்பர்ல நெருப்பு இல்லன்னா, பெட்டில இல்லன்னு ஆயிடுமா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்யப் போனவனுக்கு இது தேவையா என்று கோபமும் வந்தது. "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வேறு கட்டைப் பிரித்துக்கொண்டேன். அவர் போய்வருகிறேன் என்று சொன்னதற்கும் நிமிரவில்லை.

பிறகு நடந்ததை ஏஜென்ட்தான் எனக்குச் சொன்னார். அதுவும் புகாராகத்தான் சொன்னார். கற்பூரத்தம்மா மறுநாள் விடிந்ததும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, மிச்சமிருந்த தாள் சுருளைப் பையில் போட்டுக்கொண்டு, புத்தூரில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போயிருக்கிறார். சரக்குக் கிடங்கின் வாசலில் நின்று ஏஜென்டை வரவழைத்து, அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனார். பழைய தாளைச் சுரண்டி எடுக்க ஆளுக்கொரு தோசைத் திருப்பி. பெட்டியைத் துடைக்க ஈரத் துணி. நூற்றிருபது பெட்டியையும் இறக்கி, சுரண்டி, துடைத்து, காயவைத்து, புதுத் தாள் ஒட்டினார்கள். பொட்டு வைக்கச் சொன்ன பெண்ணே ஒவ்வொரு விளக்கையும் சுரண்டும்போது அழுதாளாம். மத்தியானம் கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து மூவரும் கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். சாயந்திரம் கடைசிப் பெட்டி உள்ளே போனது. சர்வேயர் ஒரு தாளை விரல் நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றிருக்கிறார். ஆனால், கண்ணால் பார்த்ததை எழுதாமல் விட முடியாது, ரசீதில் ஒரு வரி வரும் என்றாராம். ஏஜென்ட் கெஞ்சியிருக்கிறார். "அவர உடுங்க. நடந்ததத்தானே எழுதறாரு, எழுதட்டும்" என்று கற்பூரத்தம்மா சொல்லிவிட்டார். "அந்தம்மாவுக்குப் பொழைக்கத் தெரியல சார்" என்று ஏஜென்ட் முடித்தார்.

அப்படி வந்த வரிதான் நான் முதலில் சொன்னது. என் கை பழக்கத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து அதைச் சுற்றி ஒரு கோடு போட்டும்விட்டது. போட்ட பிறகுதான், யாருடைய வாழ்க்கையைச் சுற்றிக் கோடு போடுகிறோம் என்று உறைத்தது. குறையுள்ள ரசீது என்று நான் எழுதி அனுப்பினால் மலேசிய வங்கி கையை விரித்துவிடும். கடைக்காரர் சரக்கை எடுக்காமலே போகலாம். தூள் வாங்கியதற்குக் கற்பூரத்தம்மா எங்கெங்கே கடனுக்குக் கைநீட்டியிருக்கிறார் என்பது எங்கள் கிளைக்கே தெரியும். மறுபடி படித்தேன். கறை காணப்பட்டது, சரி. ஆனால் ஏற்றுமுன் மாற்றப்பட்டன. அப்படியானால் கப்பலில் ஏறிய நேரத்தில் எந்தப் பெட்டியிலும் குறை இல்லை. அந்த வரி சொல்வது குறையை அல்ல, குறை தீர்ந்ததை. எழுத்தெழுத்தாகப் பார்க்கிற என் புத்தி, வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவருக்காக வேலை செய்தது. பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன்.

எங்கள் சீஃப் மேனேஜர் ஒத்துக்கொள்ளச் சுலபமானவர் அல்ல. ரசீதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதேமிட்டய்யா, இதென்ன கப்பலா, கல்யாணமா?" என்றார். ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில், தவறானால் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று குறிப்பில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் மலேசிய வங்கியிடமிருந்து கேள்வி வந்தது. கறையின் தன்மை என்ன, அது சரக்கைப் பாதித்ததா? வங்கிச் செய்தியில் எப்படிக் குங்குமத்தை எழுதுவது? காலையிலிருந்து மத்தியானம் வரை யோசித்து, 'சரக்கு பாதிக்கப்படவில்லை. கறை என்பது மஞ்சளும் குங்குமமும். பெட்டி கட்டியவர்கள் பக்தியால் இட்டது' என்று எழுதினேன். சீஃப் மேனேஜர் 'பக்தியால்' என்பதை மட்டும் அடித்துவிட்டு அனுப்பச் சொன்னார். இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டதாகப் பதில் வந்தது. கற்பூரத்தம்மாவுக்கு நானே போன் செய்தேன். மறுமுனையில் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. பின்னால் பெண்கள் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தைப்பூசம் முடிந்து கிள்ளான் கடைக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கற்பூரம் அருமை, இன்னும் இருநூறு பெட்டி வேண்டும், ஆனால் அபாயக் குறியோடு வந்தால் கப்பல் கூலி தாங்கவில்லை, மற்றவர்கள் வெறும் பூஜைப் பொருள் என்றுதான் அனுப்புகிறார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று கேட்டிருந்தார். மரியாதையான கடிதம். கற்பூரத்தம்மா அதை என்னிடம் காட்டி, ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதித் தரச் சொன்னார். "மத்தவங்க எப்டின்னா அனுப்பிக்கினு போகட்டும். நாங்க விளக்குப் படம் இல்லாம அனுப்பறதில்லன்னு எழுதுங்க. வருத்தம்னும் போடுங்க." போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. புதிதாக எடுத்த நான்கு பெண்களும் இரண்டு மாதத்தில் சத்தியவேடு பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். அவர் மறுபடி காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் டப்பா போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று நான் சித்தூர்க் கிளையில் இருக்கிறேன். காகிதங்கள் திரையில் வருகின்றன, பென்சிலும் ரப்பரும் போய்விட்டன. 'பூஜைப் பொருள்கள்' என்று போட்ட ரசீதுகள் இப்போதும் வருகின்றன. ஒரு கறை இல்லாமல், ஒரு வரி கூடுதல் இல்லாமல், அவ்வளவு சுத்தமாக. திரையில் திறந்ததும் எனக்குக் கற்பூர வாசனை அடிப்பதுபோல இருக்கும். நிறுத்தி வைக்க என்னிடம் விதி எதுவும் இல்லை. ஏற்றுமதிக்காரருக்குப் போன் போட்டு, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். ஊதுபத்தி என்கிறார்கள். அனுப்பிவிடுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

திருப்பதியில் என் கடைசி வாரத்தில் கற்பூரத்தம்மா தன் கணவரோடு வந்தார். அவருக்குக் கணவர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொட்டகைக் கணக்கில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும், தனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவர் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்றார். படிவத்தை எடுத்துக் கணவர் பக்கம் தள்ளிப் பேனாவை நீட்டினேன். அவர் மேசைக்குக் கீழிருந்து கைகளை மேலே எடுத்தார். இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் மெழுகுபோல உருகிக் கெட்டிப்பட்டிருந்தது. நான் மை டப்பாவைத் தேடினேன். வைக்கப் பெருவிரல் ரேகையும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"லாரி ஓட்டிக்கினு இருந்தாரு சார்" என்றார் கற்பூரத்தம்மா, ஊர்ச் செய்தி சொல்வதுபோல. "நாயுடுபேட்டை தாண்டி ரோட்டோரமா நிறுத்திட்டு, லாரி நிழல்லயே ஸ்டவ்வு பத்தவச்சி சோறாக்கினாரு. டிரைவருங்க எல்லாரும் பண்றதுதானே? லாரில ஏத்தியிருந்த டிரம்மு ஒழுகிக்கினு இருந்திருக்குது. அதுல இன்னா இருந்துதுன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பில்லுல வெறும் சாமான்னு எழுதியிருந்தாங்க. டிரம்மு மேல ஒண்ணுமே இல்ல."

அவர் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு படம் ஒட்டியிருந்தா தள்ளிப் போயி ஆக்கியிருப்பேன் சார்" என்றார்.

அன்று அவர்கள் மூன்று பெண்களாகக் கிடங்கில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில், உதவி செய்தும் பேச்சு வாங்கினேனே என்று நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "உடுங்க சார், உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று அவர் என்னை முடிக்க விடவில்லை. கணவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பேனாவை நிறுத்திக்கொண்டு, கையெழுத்துப் போடவே வரும் என்றார். வீட்டில் பழகியிருக்கிறாராம். முதல் எழுத்தை எழுதும்போதே படிவம் நழுவியது. நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவர் எழுதி முடிக்கும்வரை அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.